மழைக்கு முன் ஒரு குடிமராமத்து
(தாராவியில் மே மாதம் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே மாதம் பாதி கடந்துவிட்டது. ஜூன் 10, 11 தேதி வாக்கில் மும்பைக்கு மழை வந்துவிடும் என்பது வழக்கமான கணக்கு. இன்று ஒரு குடம் தண்ணீருக்காக விடியற்காலையில் கல்லியில் நிற்கிறோம். இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் அதே கல்லியில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்போம். இந்த இரண்டு கஷ்டத்துக்கும் நடுவில் நமக்குக் கிடைத்திருப்பது மூன்று நான்கு வாரம்தான். அந்த நாட்களில் என்ன செய்யலாம் என்று பேசத்தான் இந்தக் கூட்டம்.

நம்மில் பலருடைய பாட்டனார்கள் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். அங்கே மழைக்காலம் வருமுன் குளத்துக் கரையைப் பலப்படுத்துவார்கள், மடையைச் சரிபார்ப்பார்கள், வாய்க்காலில் தூர் எடுப்பார்கள். ஊர் கூடிச் செய்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அதில் அநியாயமும் இருந்தது. மண்வெட்டி பிடித்தவன் ஒருவன், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டவன் இன்னொருவன். மராமத்துக்கு ஆள் அனுப்பிய தெருவுக்கே பொதுக்கிணற்றில் வாளி போட உரிமை இல்லாத ஊர்கள் உண்டு. அந்த அநியாயம் பொறுக்காமல் ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்கு முன் ஊர் கூடி வேலை செய்யும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பலனைச் சமமாகப் பங்கிடும் நியாயத்தை நாம் சேர்ப்போம். நாம் வந்து சேர்ந்த மகாராஷ்டிர மண்ணில்தான் 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளினார். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்ற பாடத்துக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

முதலில் நம் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா என்று ஏழு ஏரிகள். விஹார் 1860இல் வந்தது. கடைசியாக வந்த நடு வைதர்ணா அணை 2014இல் திறக்கப்பட்டது. ஏழில் விஹாரும் துளசியும் மட்டும் நகரத்துக்குள் இருக்கின்ற சிறிய ஏரிகள். மற்ற ஐந்தும் தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களில் இருக்கின்றன. எல்லாம் நிரம்பினால் சேரும் தண்ணீர் ஏறக்குறைய 1,44,700 கோடி லிட்டர். அதில் பாதியளவு பாட்சாவில் மட்டும். நகரத்துக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கப்படும் தண்ணீர் சுமார் 385 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள், 376 நாள் வருகிறது. ஆவியாகிப் போவதைக் கழித்தால் அதுவும் குறையும்.

இதன் பொருள் என்ன? ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் பெய்வதை வைத்துத்தான் ஆண்டு முழுவதும் இந்த நகரம் குடிக்கிறது. ஒரு ஆண்டு மழை ஏமாற்றினால் அடுத்த ஆண்டுக்குக் கையிருப்பு கிடையாது. மழை ஒரு மாதம் தள்ளிப்போனாலே மாநகராட்சி வெட்டு அறிவிக்கிறது. 2014 ஜூலையில் 20 சதவீத வெட்டு. 2015 ஆகஸ்டில் 20 சதவீதம். 2020 ஆகஸ்டில் மறுபடி 20 சதவீதம். 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து 10 சதவீதம். 2024இல் மே 30 முதல் 5 சதவீதம், ஜூன் 5 முதல் 10 சதவீதம். நகரம் வளர்ந்துகொண்டே போகிறது. ஏரிகள் அதே ஏழுதான்.

“இவ்வளவு பெரிய நகரத்தைக் காயவிட்டுவிடுவார்களா, எங்கிருந்தாவது கொண்டுவந்து கொடுப்பார்கள்” என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். நாங்கள் ரயில்வேயில் வேலை செய்பவர்கள், சரக்குக் கணக்கு எழுதுபவர்கள். அந்தக் கணக்கிலேயே பதில் சொல்கிறோம். 2016 ஏப்ரலில் இதே மாநிலத்தில் லாத்தூர் வறண்டபோது மிரஜ் நிலையத்திலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2019இல் சென்னையின் ஏரிகள் காய்ந்தபோது ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். ரயில்வேத் தொழிலாளிகள் பெருமைப்படத்தக்க வேலை. ஆனால் மும்பையின் ஒரு நாள் தண்ணீரை அப்படிக் கொண்டுவர வேண்டுமானால் நாளொன்றுக்கு 1,540 ரயில் வேண்டும். எந்தத் தண்டவாளத்தில் விடுவது? நம்மைக் காப்பாற்ற ரயில் வராது, தோழர்களே. ஏரியில் இருப்பதைக் காப்பதும், இருப்பதைப் பங்கிடுவதும்தான் வழி.

பங்கிடுவது என்றால் எப்படி? இங்கேதான் அரசியல் வருகிறது. மாநகராட்சியின் அளவுகோலில் கட்டிடத்தில் குடியிருப்பவருக்கு ஆளுக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதியில் இருப்பவருக்கு ஆளுக்கு 45 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போடுங்கள். கட்டிடத்துக் குடும்பத்துக்கு மூன்று டிரம், அதற்கு மேல் ஐந்து குடம். தாராவிக் குடும்பத்துக்கு ஒரு டிரம், அதற்கு மேல் இரண்டு குடத்துக்கும் குறைவு. எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் வெட்டு என்று அறிவித்தால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 135இல் 10 சதவீதம் போனாலும் 121 லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. 45இல் 10 சதவீதம் போனால் 40 லிட்டர் சொச்சம். அங்கே குறைவது காரைக் கழுவும் தண்ணீர். இங்கே குறைவது குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்.

இந்த 45 லிட்டரும் எல்லோருக்கும் சட்டப்படி கிடைத்துவிடவில்லை. 1995 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வந்த குடிசைகளுக்குக் குழாய் கொடுக்கக் கூடாது என்று 1996இல் மாநில அரசு சுற்றறிக்கை விட்டது. பிறகு அந்தத் தேதி 2000 என்று நகர்ந்தது. பானி ஹக் சமிதி வழக்குத் தொடுத்துப் போராடியதில், 2014 டிசம்பர் 15ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குடிசை சட்டப்படியானதா இல்லையா என்பது வேறு கேள்வி, குடியிருப்பவனுக்குத் தண்ணீர் மறுக்க முடியாது, அது உயிர் வாழும் உரிமையின் பகுதி. அதன் பிறகும் வருடங்கள் ஓடி, 2022 மே மாதத்தில்தான் எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவித்தது. மனுப் போடாமல், வார்டு ஆபீசில் நிற்காமல் அறிவிப்பு குழாயாக மாறாது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே சிக்கனம் பற்றிப் பேசும்போது யாரிடம் பேசுகிறோம் என்பது முக்கியம். நம் சங்கத்தில் மாதுங்காவிலும் செம்பூரிலும் கட்டிடங்களில் குடியிருக்கும் உறுப்பினர்கள் உண்டு. அவர்களிடம் முதலில் கேட்கிறோம். உங்கள் சொசைட்டியின் மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா? மோட்டாரை நிறுத்துவதற்கு ஆள் உண்டா? குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறதே, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாமே! பழைய கட்டிடங்கள் சிலவற்றில் கிணறு இருக்கிறது. அதைத் தூர்வாரினால் கழிப்பறைக்கும் செடிக்கும் அது போதும். மழைநீர் சேகரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையில் 2002இல் பெரிய மனைகளில் கட்டும் புதிய கட்டிடங்களுக்குத்தான் அது கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் 2003இல் பழைய கட்டிடங்களுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கினார்கள். அப்படியிருந்தும் 2019இல் சென்னை ஏன் தவித்தது? மழை பொய்த்தது ஒரு காரணம். குழி வெட்டிக் குழாய் வைத்ததோடு பலர் அதை மறந்துபோனது இன்னொரு காரணம். ஆண்டுதோறும் மொட்டை மாடியைப் பெருக்கி, வடிகட்டியைக் கழுவாவிட்டால் எந்த ஏற்பாடும் மண்மூடிப் போகும். சட்டம் ஒருமுறை போடலாம். மராமத்து ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டும்.

இப்போது நம் கல்லிகளுக்கு வருவோம். 45 லிட்டரில் வாழ்பவனிடம் “சிக்கனமாக இரு” என்று சொல்ல எவருக்கும் யோக்யதை கிடையாது. நம் வீட்டுப் பெண்கள் காய் கழுவிய தண்ணீரில் பாத்திரம் தேய்த்து, அதே தண்ணீரை மோரியில் ஊற்றிச் சுத்தம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்த நாங்கள் வரவில்லை. ஆனால் வந்த தண்ணீர் வீணாகாமலும் கெட்டுப்போகாமலும் காப்பது நம் கையில் இருக்கிறது.

முதல் வேலை, குழாய். கல்லியில் சொட்டுகிற இணைப்புகளை எல்லாம் இந்த வாரத்தில் பார்த்துவிட வேண்டும். 200 மில்லி டம்ளர் ஒன்றைச் சொட்டும் இடத்தில் வையுங்கள். கால் மணி நேரத்தில் நிரம்பினால், தண்ணீர் வரும் நேரத்தில் மணிக்கு 800 மில்லி போகிறது என்று அர்த்தம். நாள் முழுவதும் தண்ணீர் நிற்கும் குழாயானால் 19 லிட்டர். ஒரு ஆளின் பங்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வாஷரும் நூலும் போதும் அதை நிறுத்த. கல்லிக்கு வெளியே மெயின் பைப்பில் கசிந்தால் நாள், இடம், நேரம் எழுதி வார்டு ஆபீசில் மனுக் கொடுத்து நம்பர் வாங்க வேண்டும். தாராவிக்கு ஜி-வடக்கு, மாதுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம்-மேற்கு, சீத்தா கேம்ப் பக்கத்துக்கு எம்-கிழக்கு. வாய்ச்சொல்லாகச் சொன்ன புகார் காற்றோடு போகும்.

அதோடு சேர்ந்தது மோட்டார் விஷயம். சில வீடுகளில் குழாயோடு நேராக மோட்டார் போட்டு இழுக்கிறார்கள். இழுக்கிற வீட்டுக்குத் தண்ணீர். கல்லியின் கடைசி வீட்டுக்குக் காற்று. அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. இந்த நகரத்தில் சாவிக்காரர் வால்வைத் திறந்தால் தண்ணீர், மூடினால் இல்லை. பெரும்பாலான கல்லிகளில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தண்ணீர். மற்ற நேரத்தில் பைப் காலி. நம் பைப்புகள் கட்டர் ஓரமாகவும், சில இடத்தில் கட்டருக்குள்ளேயும் போகின்றன. அழுத்தம் இல்லாத பைப்பில் சின்ன ஓட்டை இருந்தாலும் கட்டர் தண்ணீர் உள்ளே போகும். மோட்டார் போட்டால் அதை உறிஞ்சியே எடுக்கும். இழுப்பவன் வீட்டுக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு. ஆகவே கல்லிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, நேர் மோட்டாரை எடுத்துவிட்டு, தண்ணீர் நேரத்தை வீடுவாரியாக முறை போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் திறந்ததும் முதல் ஒன்றிரண்டு குடம் கலங்கலாக வந்தால் அதைக் குடிக்காமல் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள்.

இரண்டாவது வேலை, டிரம். சேர்த்து வைக்காமல் நமக்கு வழியில்லை. ஆனால் திறந்து கிடக்கும் டிரம்மில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, உட்புறச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. மூடியில்லாத டிரம்முக்கு நெருக்கமான துணி கட்டி ரப்பர் போடுங்கள். கூரை மேல் தார்ப்பாய்க்குப் பாரமாக வைத்த பழைய டயரும் கொசுத் தொட்டிதான். அதற்குப் பதில் செங்கல் வையுங்கள்.

மூன்றாவது, கூரை. பத்தடிக்குப் பத்தடி உள்ள ஒரு கூரை ஒன்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஜூலையில் 50 மில்லிமீட்டர் பெய்வது சர்வசாதாரணம். அந்த ஒரு நாளில் உங்கள் கூரை 450 லிட்டர் தருகிறது. சிந்தியது சிதறியது போக இரண்டு டிரம் நிச்சயம். ஒரு அரைக்குழாயை ஓரத்தில் கட்டினால் போதும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிடுங்கள். இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு ஆகாது. துணிக்கும் மோரிக்கும் கழிப்பறைக்கும் ஆகும். அந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்க மிச்சம். அந்த அளவுக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். இங்கே ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் பிடிப்பது பெண்கள் வேலை என்று எந்த சர்வீஸ் ரூலிலும் எழுதவில்லை. நைட் ட்யூட்டி முடித்து வருகிறவரும் இரண்டு குடம் தூக்கலாம்.

நான்காவது, வெள்ளம். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியதையும், மித்தி ஆறு ஊருக்குள் ஏறியதையும் மறந்தவர் இங்கே இல்லை. 2021 ஜூலை 18 விடியற்காலையில் செம்பூர் வாஷி நாகா பாரத் நகரில் சுவர் இடிந்து 19 பேர் மாண்டார்கள். அதே இரவில் பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, நகரத்தின் பெரும் பகுதிக்குக் குடிநீரே நின்றுபோனது. ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே கனமழை எச்சரிக்கை வந்த உடனே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூடியுள்ள கேனில் ஆளுக்கு ஐந்து லிட்டராவது உயரத்தில் எடுத்து வையுங்கள்.

அதே அலமாரியில் இன்னொன்றும் வைக்க வேண்டும்: காகிதங்கள். ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், கரண்டு பில், பள்ளிக்கூடச் சான்றிதழ். நம் மக்களுக்குக் குழாயானாலும் மாற்று வீடானாலும் எல்லாம் ஒரு தேதியைக் காட்டும் காகிதத்தில் தொங்குகிறது. 1976 மே 17ஆம் தேதி, நெருக்கடி நிலைக் காலத்தில், மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீத்தா கேம்ப்புக்குத் துரத்தினார்கள். பெரிய காலனியையே ஒரு நாளில் காலி செய்ய வைத்தவர்களிடம் காகிதம் இல்லாமல் என்ன வாதாட முடியும்? வெள்ளத்தில் காகிதம் நனைந்தால் வீடே நனைந்து போனது போல. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். நகல் எடுத்து ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.

கட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கல்லியின் சிறு சாக்கடையில் குப்பை எடுப்பது நாம் செய்யலாம். பெரிய நாலாவும் மேன்ஹோலும் மாநகராட்சியின் வேலை. அதில் நம் பிள்ளைகள் எவரும் இறங்கக் கூடாது. இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெள்ளத்தில் மேன்ஹோல் மூடியைத் திறக்கவும் கூடாது. 2017 ஆகஸ்ட் 29இல் டாக்டர் தீபக் அம்ராபூர்கர் திறந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். வெள்ளத்தில் நடக்க நேர்ந்தவர்கள், காலில் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காத்திருக்காதீர்கள்.

தோழர்களே, இன்னொரு ஊரைப் பற்றியும் நினைக்க வேண்டும். பாட்சாவும் தான்சாவும் இருக்கும் சாஹாபூர் தாலுகாவில் ஆதிவாசிக் கிராமங்கள் பல ஒவ்வொரு கோடையிலும் டாங்கரை எதிர்பார்த்து நிற்கின்றன. அணை அவர்கள் மண்ணில். தண்ணீர் நம் குழாயில். தாராவிப் பெண்ணும் சாஹாபூர்ப் பெண்ணும் குடத்தோடு நிற்க, நடுவில் நீச்சல் குளம் நிரம்புகிறது. நமக்கு அதிகம் வேண்டும் என்று கேட்கும்போது அவர்கள் பங்கைப் பறிக்கும்படி நாம் கேட்கவில்லை. வழியில் கசிவிலும் திருட்டிலும் போகும் தண்ணீரை அடையுங்கள், நகரத்துக்குள் சமமாகப் பங்கிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வெட்டு வந்தால் 45 லிட்டர்காரனுக்கு வெட்டு இருக்கக் கூடாது. தண்ணீர் வரும் நேரத்தைக் கல்லி வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். கட்டருக்குள் போகும் பைப்புகளை மழைக்கு முன் மேலே தூக்கிப் போட வேண்டும். மறுமேம்பாடு வரப்போகிறது என்று சொல்லி இன்றைய பைப்பை அழுகவிடுவதை ஏற்க மாட்டோம். வரப்போகும் மாடியில் குடியேறும் வரை உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

ஒவ்வொரு கல்லிக்கும் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், படிக்கிற பிள்ளை ஒன்று என்று ஐந்து பேர் இன்று பெயர் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டு. தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, எந்த இணைப்பு சொட்டியது, எந்த மனுவுக்கு என்ன நம்பர் என்று தினமும் எழுதட்டும். ஜூன் 5ஆம் தேதி எல்லா நோட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, அந்தந்த வார்டு ஆபீசுக்கு நாம் ஒன்றாகப் போகிறோம். லீவு போட வேண்டியவர்கள் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.